வரித்தலை வாத்துக்குக் கோடு விழுந்த கதை

அந்தக் காலத்தில் பனிக்கும் பறவைக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சுதான் இருந்தது. யாரும் யாரிடமும் கேள்வி கேட்கலாம். பதில் வரும் நேரம்தான் ஆளுக்கு ஆள் வேறுபடும். காக்கையிடம் கேட்டால், கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். மனிதரிடம் கேட்டால் கொஞ்சம் தலையைச் சொறிந்துவிட்டுச் சொல்வார்கள். பனியாற்றிடம் கேட்டால் பதிலுக்கு நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

பனியாறு என்பது நம் பக்கம் இல்லாத ஒன்று. இமயமலைக்கு அந்தப் புறம், மழை எட்டிப் பார்க்காத மேட்டு நாட்டில், பனி விழுந்து, அதன்மேல் பனி விழுந்து, எல்லாம் இறுகிக் கண்ணாடிப் பாறையாகிவிடும். அந்தப் பாறை சும்மா இருக்காது. மலை இடுக்கு வழியாகத் தன் கனத்தாலேயே மெல்ல மெல்லக் கீழே இறங்கும். நத்தைகூட அதை முந்திவிடும். வரும் வழியில் கிடக்கும் கல்லையும் மண்ணையும் தள்ளிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் வரப்பு மாதிரிக் குவித்துவிட்டு நிற்கும். அப்படி ஒரு கல்வரப்புக்குப் பின்னால் தேங்கிய ஏரியில்தான் நங்பா என்கிற வாத்து குடியிருந்தது.

சாம்பல் நிற உடம்பு, மஞ்சள் கால், பால் வெள்ளைத் தலை. ஒரு புள்ளிகூட இல்லாத வெள்ளை. குளிரோ கோடையோ, அந்த ஏரிப் பக்கத்தை விட்டு அது எங்கும் போனதில்லை. அதற்கு ஒரு குணம் இருந்தது. எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்டாக வேண்டும். மற்ற வாத்துகள் அதன் பக்கத்தில் மேயவே தயங்கும்.

"ஏரித் தண்ணீர் ஏன் மோர் மாதிரி வெளுத்திருக்கிறது?" என்று ஒரு நாள் பனியாற்றிடம் கேட்டது.

பல நாள் கழித்துப் பனிக்குள் மடமடவென்று சத்தம் ஓடியது. பனியாறு பேச வாய் திறந்தால் அப்படித்தான்.

"கல்லை அரைக்கிறேன் இல்லையா? அந்த மாவு."

"எதற்கு அரைக்கிறாய்?"

மறுபடி பல நாள். "அரைக்க வேண்டும் என்று அரைக்கவில்லை. நான் நடக்கிறேன். அடியில் கல் மாட்டுகிறது."

நங்பா பறந்துபோய்ப் பார்த்தது. அந்தக் கல்மாவு தண்ணீரோடு இறங்கி, கீழே பள்ளத்தாக்கில் படிந்து, வளமான மண்ணாகியிருந்தது. அதில் வாற்கோதுமை பச்சைப்பசேலென்று நின்றது. சுற்றிலும் ஒரு புல்கூட முளைக்காத பழுப்பு மலைகள். நடுவில் அந்த ஒரு துண்டுப் பச்சை.

"இவ்வளவு அகலமான பள்ளத்தாக்கை யார் வெட்டியது?" என்று திரும்பி வந்து கேட்டது.

"முன்பு நான் இன்னும் பருமனாக இருந்தேன். போய்வந்த வழி அது," என்றது பனியாறு.

அந்தத் துண்டுப் பச்சையின் பெயர் சும்தாங். முப்பது நாற்பது வீடுகள் இருக்கும். அங்கே மழை கிடையாது. வெயில் ஏற ஏறப் பனியாறு உருகித் தருகிற தண்ணீர்தான் குடிக்கவும் பயிருக்கும். அந்தத் தண்ணீரை வாய்க்காலில் திருப்பி, இந்த வயலுக்கு இன்றைக்கு, அந்த வயலுக்கு நாளைக்கு என்று மடை திறந்து அடைக்கும் வேலை பல்மோ என்ற பெண்ணுக்கு. நம் ஊரில் நீர்பாய்ச்சி என்போமே, அந்த வேலை. தோளில் எப்போதும் ஒரு மண்வெட்டி. நாற்பதை நெருங்கியவள், அதிகம் பேசாதவள். ஊரில் எல்லாரும் அவளை அச்சே என்று கூப்பிடுவார்கள். அவர்கள் பேச்சில் அச்சே என்றால் அக்கா.

ஒரு வருஷம் வசந்தம் வந்தும் குளிர் விடவில்லை. விதைக்கிற நாள் வந்துவிட்டது, வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை. அந்த ஊரில் கோடை குறுகியது. விதைப்பு தள்ளிப்போனால் கதிர் முற்றுவதற்குள் அடுத்த குளிர் வந்து கருக்கிவிடும். ஊர் முழுக்கப் பல்மோவின் வாசலில் வந்து நின்றது.

"அச்சே, போன வருஷமும் இப்படித்தான் தாமதம். என் வீட்டில் இரண்டு பிள்ளைகள் பசியோடு படுத்தார்கள். நீ மடையை ஒழுங்காகப் பார்க்கிறாயா இல்லையா?" என்றான் தார்கே. வாட்டசாட்டமான ஆள், எதற்கும் முன்னால் நிற்பவன்.

"மடையைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். மேலே உருகினால்தானே கீழே வரும்?" என்றாள் பல்மோ.

வாய்க்கால் ஓரத்தில் மேய்ந்துகொண்டிருந்த நங்பா இதைக் கேட்டது. அதற்குச் சட்டென்று ஒன்று நினைவுக்கு வந்தது.

சில நாள் முன்பு பனியின்மேல் ஒரு அண்டங்காக்கையின் இறகு கிடந்தது. மறுநாள் பார்த்தால் அந்த இறகு பனிக்குள் இறங்கிப்போயிருந்தது, இறகின் வடிவத்திலேயே ஒரு குழி, குழிக்குள் தண்ணீர். ஏன் என்று நங்பாவுக்குத் தூக்கம் வரவில்லை. தன் வாலடியிலிருந்து வெள்ளை இறகு ஒன்றைப் பிடுங்கிப் பக்கத்தில் போட்டுப் பார்த்தது. அது இறங்கவில்லை. கறுப்புக் கூழாங்கல்லை வைத்தது. இறங்கியது. வெள்ளைக் கூழாங்கல்லை வைத்தது. வைத்தபடி இருந்தது. கறுப்பு வெயிலைக் குடிக்கிறது, குடித்ததைப் பனிக்குக் கொடுக்கிறது என்று அதற்குப் புரிந்தபோது இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது. யாரிடம் சொல்லலாம் என்று அலைந்துகொண்டிருந்தது.

கூட்டம் கலைந்ததும் பல்மோவிடம் ஓடியது. "அச்சே, பனியைச் சீக்கிரம் உருக்க ஒரு வழி இருக்கிறது. கறுப்பாக எதையாவது தூவினால் போதும்."

நடந்ததையெல்லாம் சொன்னது. பல்மோ மண்வெட்டியை ஊன்றி நின்று கேட்டாள்.

"பனிக்கு வலிக்குமா?"

"தெரியாது. கேட்கவில்லை."

"உனக்கு எல்லாவற்றையும் கேட்கிற வழக்கம் ஆயிற்றே."

"கேட்டால் பதில் வர நாளாகும். விதைப்பு அதுவரை காத்திருக்குமா?"

தார்கேயின் பிள்ளைகள் பல்மோவின் கண்முன் வந்தார்கள். "சரி, ஓரத்தில் மட்டும். கொஞ்சமாக," என்றாள்.

வீட்டுக்கு வீடு அடுப்புக்கரியைச் சுரண்டினார்கள். கூரையில் படிந்த புகைக்கரியை வழித்தார்கள். மூட்டை கட்டிக் கழுதைமேல் ஏற்றி மேலே கொண்டுபோனார்கள். பனியில் நடந்தால் பிளவில் விழுந்துவிடும் பயம் இருந்ததால், வாத்துகள் மூட்டையைச் சுற்றி நின்று சிறகடித்துக் கரியைப் பறக்கவிட்டன. வெள்ளை விளிம்பு சாம்பலானது. அன்று மத்தியானமே சொட்ட ஆரம்பித்தது. சாயங்காலம் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. ஊரே வாய்க்காலோரம் வந்து கையை நனைத்துப் பார்த்தது. நங்பாவைத் தார்கே தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றினான்.

அந்த வருஷம் விளைச்சல் நன்றாக இருந்தது. பானைகள் நிறைந்தன.

நிறைந்ததுதான் வினையாயிற்று. அடுத்த வசந்தத்தில் தண்ணீர் தாமதமாகக்கூட இல்லை. இருந்தும் கரி மூட்டைகள் மேலே போயின. தார்கே சரிவில் புதிதாக வயல் வெட்டியிருந்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் வெட்டினார்கள். கரி போதவில்லை என்று புதரை வெட்டி எரித்துக் கரி செய்தார்கள்.

"போன வருஷம் தேவை இருந்தது. இந்த வருஷம் எதற்கு?" என்று கேட்டாள் பல்மோ.

"தண்ணீர் சும்மாதானே மேலே உட்கார்ந்திருக்கிறது, அச்சே? நமக்கு உதவாமல் யாருக்கு?" என்றான் தார்கே.

"உட்கார்ந்திருப்பதால்தான் கோடை முழுக்க வருகிறது. ஒரே மூச்சில் இறங்கிவிட்டால் பிறகு?"

யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உண்மையைச் சொன்னால், வாத்துகளும் போட்டுக்கொள்ளவில்லை. ஏரி பெருகி அகலமாகியிருந்தது. நீந்த இடம், மேயப் புது வளைவுகள். நங்பாவுக்கே பெருமை, தன்னால்தானே இதெல்லாம் என்று.

அந்தக் கோடையின் நடுவில்தான் அது பனியாற்றைச் சரியாகப் பார்த்தது. முன்பு ஏரிக்கரைவரை வந்து நின்ற பனி, இப்போது வெகுதூரம் பின்வாங்கியிருந்தது. இடையில் ஈரச் சேறும் உருட்டுக் கற்களும். பனியின் முகம் கறுத்துக் குழி விழுந்து, அம்மை வந்தவரின் முகம் போல இருந்தது.

நங்பா அதன் அருகில் போய் இறங்கியது. "உனக்கு என்ன செய்கிறது?" என்று கேட்டது.

கேட்டுவிட்டு நகராமல் அங்கேயே உட்கார்ந்தது. மேயப் போகவில்லை. கீழே வாற்கோதுமை பழுத்தது. அறுவடை தொடங்கியது. அப்போதுதான் பதில் வந்தது. மடமடவென்று இல்லை, ஈனமான ஒரு முனகலாக.

"பகலெல்லாம் சுடுகிறது. என் தண்ணீர் எனக்குள் நிற்கவில்லை. அந்த ஏரியைப் பார். நான் குவித்துவைத்த கல்வரப்பு எனக்கேற்ற வரப்பு. இவ்வளவு தண்ணீரை அது தாங்காது."

நங்பா கல்வரப்புக்குப் பறந்தது. அடிவாரத்தில் கற்களுக்கு நடுவே சேற்றுத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கசிவு ஓட்டமானது. ஒரு கல் தானாக உருண்டது.

கீழே ஊரில் களத்துமேட்டில் வேலை மும்முரமாக இருந்தது. கதிர்க்கட்டுகளைப் பரப்பி, எருதுகளைச் சுற்ற விட்டுப் போரடித்துக்கொண்டிருந்தார்கள். கிழவர் முதல் பிள்ளைகள்வரை எல்லாரும் களத்தில். கைக்குழந்தைகள் அம்மாக்களின் முதுகில். களம் ஏரியிலிருந்து இறங்கும் ஆற்றின் ஓரத்தில்தான், வாய்க்காலுக்குப் பக்கத்தில்.

நங்பா நடுக்களத்தில் விழுந்தடித்து இறங்கியது. "ஏரி உடைகிறது! எல்லாரும் மேட்டுக்கு ஓடுங்கள்!"

தார்கே சிரித்தான். "இவ்வளவு நாளாக அந்த ஏரி அங்கேதானே இருக்கிறது? இந்தச் சுற்று முடியட்டும். தூற்றிவிட்டுப் போகலாம்."

"தூற்றுகிறவரை அது காத்திருக்காது!"

"கதிரை இப்படியே விட்டுவிட்டுப் போனால் காற்று அடித்துக்கொண்டு போய்விடும்," என்றாள் ஒருத்தி. தலையாட்டினார்கள். வைக்கோலை மறுபடி புரட்ட ஆரம்பித்தார்கள்.

பல்மோ வாய்க்காலைப் பார்த்தாள். மோர் நிறத் தண்ணீர் செம்மண் நிறமாக மாறியிருந்தது. அவளுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. இந்த ஊர் எதைச் சொன்னால் ஓடும் என்று ஒரு கணம் யோசித்தாள். எதைச் சொன்னாலும் ஓடாது. எதைச் செய்தால் ஓடும்?

மண்வெட்டியை எடுத்தாள். வாய்க்கால் கரையில் நாலு வெட்டு வெட்டினாள். தண்ணீர் திரும்பிக் களத்துக்குள் பாய்ந்தது. ஒரு வருஷத்துச் சாப்பாடு அப்படியே சேற்றில் மிதந்தது.

ஊரே எழுப்பிய சத்தம் மலையில் மோதித் திரும்பியது. பல்மோ மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். சமவெளிப் பக்கம் ஓடவில்லை. செங்குத்தான மேட்டைப் பார்த்து ஓடினாள். நங்பா அவள் தலைக்குமேல் பறந்தது. பின்னால் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஊரே துரத்தியது. ஆண்கள், பெண்கள், தடி ஊன்றிய கிழவர்கள், சண்டை பார்க்கப் பிள்ளைகள். முன்னால் தார்கே, கையில் கதிர் புரட்டும் கவைக்கோல்.

மேட்டின் உச்சியில் பல்மோவுக்கு மூச்சு முட்டியது. முழங்காலில் விழுந்தாள். தார்கே கவைக்கோலை ஓங்கினான். அப்போது தரை அதிர்ந்தது.

திரும்பிப் பார்த்தார்கள். பள்ளத்தாக்கின் மேல்முனையிலிருந்து தண்ணீர் வரவில்லை. முதலில் கற்கள் வந்தன, வீட்டளவு கற்கள், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு. அவற்றின் பின்னால்தான் பழுப்பாகத் தண்ணீர். களம் போனது. மாவு அரைக்கிற ஆலை போனது. களத்தில் கம்பத்தோடு கட்டியிருந்த எருதுகள் ஒரு தடவை தலை தூக்கின, பிறகு காணவில்லை. தார்கேயின் புது வயல் சரிவோடு சேர்ந்து இறங்கியது. சத்தம் அடங்கியபோது, பச்சையாக இருந்த இடம் முழுக்கக் கல்லாக இருந்தது.

யாரும் அழவில்லை. தலைகளை எண்ணினார்கள். எல்லாரும் இருந்தார்கள்.

தார்கே கவைக்கோலைக் கீழே வைத்துவிட்டுப் பல்மோவின் பக்கத்தில் உட்கார்ந்தான். "அச்சே, உன்னைக் கொல்லத்தான் ஓடி வந்தேன்," என்றான்.

"தெரியும். அதற்காகத்தானே நனைத்தேன்," என்றாள் பல்மோ.

பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருந்தவர்கள் அவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். இருந்தும் சும்தாங் ஜனம் அங்கே நிம்மதியாக உட்காரவில்லை. இரண்டு நாள் போனதும் துடைப்பத்தையும் பழந்துணியையும் எடுத்துக்கொண்டு பனியாற்றுக்கு ஏறினார்கள். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு பனியில் இறங்கிக் கரியைத் துடைத்தார்கள். தார்கே வெறும் கையால் அள்ளினான். நகக்கண்ணில் ரத்தம் வந்தது. துடைக்கத் துடைக்கக் கரி பனிக்குள் இன்னும் ஊறியது.

நங்பாவுக்குத் துடைக்கத் துணி இல்லை. வெள்ளையாக இருந்த தன் தலையைப் பனியில் வைத்துத் தேய்த்தது. தேய்த்துத் தேய்த்து உச்சியில் ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. பின்னந்தலையால் தேய்த்தது. அங்கேயும் ஒன்று விழுந்தது. நிறுத்தவில்லை.

அப்போது பனி பேசியது. வழக்கமாக எடுத்துக்கொள்கிற நேரத்தை அன்று அது எடுத்துக்கொள்ளவில்லை.

"போதும். நீங்கள் மிதிக்க மிதிக்க இன்னும் உருகுகிறேன். துடைத்து இது போகாது."

"பிறகு எப்படிப் போகும்?" என்று கேட்டது நங்பா.

"புதுப் பனி விழுந்து மூட வேண்டும். அதன்மேல் இன்னொரு வருஷத்துப் பனி. அதற்கும் மேல் இன்னொன்று. என்மேல் யாரும் நடக்காமல், பக்கத்தில் யாரும் எரிக்காமல் இருந்தால், கொஞ்சம் கொஞ்சமாகத் தேறுவேன். பழைய உடம்பு வருமா என்று தெரியாது."

"எவ்வளவு காலம் ஆகும்?"

பனியாறு இதற்குப் பதில் சொல்லவில்லை.

பல்மோ குனிந்து பனியைத் தொட்டுக் கும்பிட்டாள். "இனிமேல் உன்மேல் கரி கொண்டுவர மாட்டோம். நீ தருகிறபோது தருவதைப் பங்கு வைத்துக்கொள்வோம்," என்றாள். ஊர் ஒப்புக்கொண்டது. இறங்கிப்போய் அந்தக் கற்களுக்கு நடுவே, ஆளுக்கு ஒரு கைப்பிடி மண்ணாகச் சேர்த்து மறுபடி வயல் கட்டத் தொடங்கினார்கள்.

நங்பாவும் தன் பங்குக்கு வாக்குக் கொடுத்தது. "பனி விழுகிற காலத்தில் நானும் என் கூட்டமும் இந்தப் பக்கமே இருக்க மாட்டோம். போகும்போதும் வரும்போதும் எந்த மலைப் பனியிலும் கால் வைக்க மாட்டோம்," என்றது. வாக்குக் கொடுப்பது சுலபம். ஏரியோ உடைந்து வற்றிக் கிடந்தது. சுற்றிலும் உலகத்திலேயே உயரமான மலைகள். கால் வைக்காமல் அவற்றைக் கடப்பது எப்படி?

வாத்துகள் பறந்தன. மூச்சு விடக் காற்று போதாத உயரம். கீழே வெள்ளைச் சிகரங்கள் இறங்கி இளைப்பாறச் சொல்லிக் கூப்பிட்டன. குஞ்சுகளின் சிறகு மரத்தது. ஒன்றுகூட இறங்கவில்லை. மலை முடிந்து, சமவெளி வந்து, பெரிய ஆறுகளைத் தாண்டி, தெற்கே தெற்கே போயின. கார்த்திகை மழையில் நிரம்பிய ஒரு கண்மாய், கரையில் கருவேல மரங்கள். அங்கேதான் முதலில் கால் ஊன்றின.

கண்மாயில் துணி துவைத்துக்கொண்டிருந்த சடைச்சி என்ற பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏத்தா, புதுசா இருக்கியே! எந்த ஊரு? தலையில என்ன கரி? அடுப்புக்குள்ள புகுந்துட்டு வந்தியா? இங்கன வா, உவர்மண்ணு போட்டுத் தேய்ச்சு விடுதேன், போயிரும்."

நங்பா ஒரு அடி முன்னால் வைத்தது. பிறகு நின்றுவிட்டது.

"வேண்டாம் தாயி. இது போயிட்டா எனக்கே மறந்துபோகும்," என்றது.

சடைச்சி அதற்குமேல் வற்புறுத்தவில்லை. தள்ளி உட்கார்ந்து துவைத்தாள். வாத்துகள் அந்தக் கரையோரம் மேய்ந்து, குளிர்காலம் முடிந்ததும் கிளம்பிப் போயின.

அன்றிலிருந்துதான் நங்பாவின் வம்சமான வரித்தலை வாத்தின் வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புக் கோடுகள். ஒவ்வொரு குளிர்காலமும் அது நம் கண்மாய்களுக்கு வருவதும், வழியில் எத்தனை சிகரம் வந்தாலும் ஒரு பனியிலும் கால் வைக்காமல் இமயத்துக்கு மேலேயே பறந்து போவதும் அதனால்தான்.